பொடியன்மாரைச் சேர்க்கிற கை

2001 பெப்ரவரி 25ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'த சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. பார்ட், மில்ஹவுஸ், நெல்சன், ரால்ஃப் என்று நாலு பள்ளிக்கூடப் பொடியன்மார். ஒரு ஆள் வந்து இவர்களைச் சேர்த்து 'பார்ட்டி பொஸி' என்று ஒரு பொப் குழு ஆக்குகிறார். ஒருத்தனுக்கும் பாட வராது. அது பிரச்சினையே இல்லை, குரலைத் திருத்த ஸ்டூடியோவில் மெஷின் இருக்கிறது. பாட்டு ஊரெல்லாம் பரவுகிறது. கடைசியில் பார்ட்டின் தங்கச்சி லிசாதான் விசயத்தைக் கண்டுபிடிக்கிறாள். அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரியைத் தலைகீழாகக் கேட்டால், கடற்படையில் சேரச் சொல்லும் அழைப்பு! குழுவைச் சேர்த்த ஆள் கடற்படை அதிகாரி.

பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் லிசா கேட்ட கேள்வி சும்மா கேள்வி இல்லை. இவங்களைச் சேர்த்தது யாரு? எதுக்கு?

இந்தக் கதை வானத்திலிருந்து விழவில்லை. 1966இல் அமெரிக்காவில் 'மங்கீஸ்' என்ற குழு ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகவே ஆள் தேடிச் சேர்க்கப்பட்டது. அவர்களுடைய முதல் இசைத்தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். 1977இல் போட்டோ ரிக்கோவில் 'மெனுடோ' வந்தது. அதில் பொடியன் வளர்ந்து வயது கூடினால் வெளியே போக வேண்டும், அந்த இடத்துக்கு இன்னொரு சின்னப் பொடியன் வருவான். ரிக்கி மார்ட்டின் 1984இல் அப்படி உள்ளே போனபோது அவருக்கு 12 வயது. 1990களில் 'பேக்ஸ்ட்ரீட் போய்ஸ்', 'என்சிங்க்' இரண்டையும் கட்டியெழுப்பியவர் லூ பேர்ள்மன். இரண்டு குழுவும் காசு விசயத்தில் அவருக்கு எதிராக வழக்குப் போட்டன. 2008இல் பெரிய முதலீட்டு மோசடி ஒன்றுக்காக அவருக்கு 25 வருடச் சிறை கிடைத்தது, சிறையிலேயே 2016இல் இறந்தார். அதே 'என்சிங்க்' பையன்கள்தான் அந்த சிம்ப்சன்ஸ் பகுதியில் தங்கட சொந்தக் குரலில் வந்து போகிறார்கள்.

இனி எங்கட கரைக்கு வருவோம். பொடியன்மாரைச் சேர்த்துப் பாட வைக்கிற வேலை கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் புதுசில்லை. பொல்லடி என்றும் களிகம்பு என்றும் சொல்வோமே, அதுதான். நடுவில் அண்ணாவியார், சுற்றி சோடி சோடியாகப் பொடியன்மார், கையில் கம்பு. அண்ணாவியார் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூடக் கூட, ஒருத்தன் தாளம் தவறினால் பக்கத்தில் நிற்பவனின் விரலில் அடி விழும். குரலைத் திருத்த மெஷின் இல்லை. அந்த அடிதான் திருத்தும். கல்யாண வீட்டிலும் சுன்னத்து வீட்டிலும் ஆடினார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அண்ணாவியார் யாரென்று தெரியும், பொடியன் யார் வீட்டுப் பிள்ளை என்றும் தெரியும். ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

இன்னொரு கதையும் பக்கத்திலேயே நடந்தது. சம்மாந்துறை தாண்டிப் போனால் அம்பாறை. அங்கே ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் 1960களில் படித்த நித்தி கனகரத்தினம்தான் 'சின்ன மாமியே' பாடி ஈழத்துப் பொப்பிசைக்கு முன்னோடி ஆனார். பிறகு ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய், 1977இல் இளையராஜா இசையில் தமிழ்நாட்டுப் படமொன்றிலும் வந்தது. பைலா தாளத்தில் எங்கட பேச்சுத் தமிழை ஏற்றியதால் வந்த வெற்றி அது.

இன்றைக்கு எங்கட ஊரில் இசை என்றதும் கூடுமா கூடாதா என்ற வாதம்தான் முதலில் வரும். அந்த வாதத்தை நான் இங்கே தீர்க்கப் போறதில்லை, அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. அந்த வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே பொல்லடி கல்யாண வீட்டிலிருந்து மெல்ல இறங்கி, கலாசார விழா மேடையில் பத்து நிமிச நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. பொடியன்மார் பாட்டை விட்டார்களா? இல்லை. கையில் போன் இருக்கு. எந்தப் பாட்டுக்கு வாயசைப்பது, எத்தனை செக்கன் ஆடுவது எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கிற ஒரு கம்பனி தீர்மானிக்கிறது. அண்ணாவியாரிடம் வாப்பா போய், "என்ன பாட்டு இது?" என்று கேட்கலாம். இந்தக் கம்பனியிடம் யார் போய்க் கேட்பது?

பொடியன்மார் எப்படியும் சேரத்தான் போறாங்க, பாடத்தான் போறாங்க. அண்ணாவியாரின் இடத்தை நாங்கள் வெறுமையாக விட்டால், அதில் வந்து உட்காருகிற ஆளின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. லிசாவின் கேள்வியை இப்ப கேட்க வேண்டியது நாங்கதான்.