பெட்டியைத் திறந்த கைகள்

நம் குடுபல்லியைக் கடக்கும் இருப்புப்பாதை ஒருபுறம் சென்னையையும் மறுபுறம் பெங்களூரையும் தொடுகின்றது. அங்கே ரிச்சி தெரு, இங்கே எஸ்.பி. ரோடு. கணிப்பொறியைத் தம் கையாலேயே பூட்ட விரும்பிய இளைஞர் உறுப்புகள் தேடிச் சென்ற கடைவீதிகள் இவை.

இவ்வார்வம் 1975-இல் அமெரிக்காவில் அல்டேர் 8800 என்னும் பெட்டியோடு பெருகிற்று. உதிரிகளாக அதன் விலை 397 டாலர். நினைவகமோ 256 பைட்டுகளே. திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை! எனினும் ஆயிரக்கணக்கானோர் வாங்கிப் பற்றவைத்தனர்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம், கடையிற் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே தன் கணிப்பொறியை அமைத்து, அதன் சுற்றுப்படங்களையும் அச்சிட்டு வெளியிட்டது. பூட்டு திறந்தது அப்போதுதான். ஒருவர் செய்த அட்டை மற்றொருவர் பெட்டியிற் பொருந்தலாயிற்று. 1984-இல் இந்திய அரசு இறக்குமதி விதிகளைத் தளர்த்தவே, நம் நாட்டிலும் உறுப்புகள் பெருகின.

பெட்டி உயிர்பெறாது ‘பீப், பீப்’ என்று ஓலமிட்டால், பழகிய கை முதலில் நினைவக அட்டையைக் கழற்றும். அதன் விளிம்பை ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தும். பலமுறை அதுவே போதும். மெல்ல என்றது காரணத்தோடுதான். விளிம்பிலிருப்பது பொன்முலாம், அழுத்தித் தேய்த்தால் போய்விடும். 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலை அறிந்த நம்மவர்க்குப் பொன்னின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்றோ, பல மடிக்கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடே பற்றவைத்துவிடுகின்றனர். அது பழுதாயின் பலகையையே மாற்ற நேர்கின்றது. இதனை முன்னேற்றமென்று ஏற்க என் மனம் இசையவில்லை. நம் குடியிருப்புப் பிள்ளைகள் கற்பதற்குத் திருகாணி கழற்றினால் திறக்கும் பழைய மேசைப்பெட்டியே ஏற்றது. மின்வடத்தைப் பிடுங்கிவிட்டுத் திறக்கட்டும்.