தட்டுப்பாட்டின் பிள்ளை: சிறிய மோட்டார் சைக்கிளின் கதை

போக்குவரத்தின் வரலாற்றை எழுதியோர் புகைவண்டியைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் ஆகாய விமானத்தைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். மோட்டார் காருக்கெனத் தனி அருங்காட்சியகங்களே உள்ளன. ஆனால், ஆசியாவின் சாதாரண குடும்பங்களுடைய வாழ்க்கையைக் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் மாற்றிய ஊர்தி எதுவென்று என்னைக் கேட்டால், 50 சீசீ முதல் 100 சீசீ வரையிலான சிறிய மோட்டார் சைக்கிள் என்றே சொல்வேன். செய்தி சேகரிப்பதற்காகப் பல ஆண்டுகள் அதில் அலைந்தவன் என்ற முறையிலும், அதனை வைத்திருப்பதிலும் ஓட்டுவதிலும் உள்ள இன்பத்தை அறிந்தவன் என்ற முறையிலும் அதன் கதையை இங்கு எழுத விரும்புகிறேன். பலர் நினைப்பதுபோல அது வசதியின் பிள்ளை அன்று, தட்டுப்பாட்டின் பிள்ளை.

1946 ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் தோற்ற யப்பானில் உணவும் இல்லை, எரிபொருளும் இல்லை. ரயில்களில் கூட்டம் வழிந்தது. ஹமமற்சு நகரில் சொய்சிரோ ஹொண்டா என்பவர், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் வழங்குவதற்கெனச் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த சிறு இயந்திரங்களைக் கண்டார். கொல்லரின் மகனான அவர், அவற்றுள் ஒன்றைத் துவிச்சக்கர வண்டியில் பொருத்தினார். வெந்நீர் ஒத்தடத்துக்குப் பயன்படும் குடுவையே அதன் எரிபொருள் தாங்கியாயிற்று. உணவுப் பொருள் தேடி நெடுந்தூரம் வண்டி மிதித்துச் சென்றுவந்த அவருடைய மனைவி சச்சியே அதனை முதலில் ஓட்டிப் பார்த்தவர்களுள் ஒருவர். பெற்றோல் பங்கீட்டில் இருந்தமையால், பைன் மரத்திலிருந்து பெறப்படும் கர்ப்பூரத் தைலத்தைக் கலந்தே அந்த இயந்திரத்தை ஓட்டினர். புகை மிகுந்தது, நாற்றம் சகிக்க முடியாதது. ஆயினும் வண்டி ஓடியது. எரிபொருளே இல்லாத காலத்தில் பிறந்த ஊர்தி இது என்பதை வாசகர்கள் மனதிற் கொள்ள வேண்டும். பின்னர் சொல்லப்போகும் நமது கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

1948 செப்டெம்பரில் ஹொண்டா நிறுவனம் உருவாயிற்று. மறு ஆண்டு தக்கியோ புஜிசாவா அதில் இணைந்தார். ஹொண்டா இயந்திரத்தை அறிந்தவர். புஜிசாவா மக்களை அறிந்தவர். துவிச்சக்கர வண்டியில் பூட்டக்கூடிய ‘கப்’ என்ற சிறு இயந்திரம் 1952 இல் வெளிவந்தபோது, புஜிசாவா நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 50,000 துவிச்சக்கர வண்டிக் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். பெரிய விற்பனையாளர்களைத் தேடாமல், தெருமுனைக் கடைக்காரரைத் தேடிப் போனார் என்பதே இதிலுள்ள சிறப்பு.

1956 இல் இருவரும் ஐரோப்பா சென்று அங்குள்ள சிறு வண்டிகளைப் பார்த்தனர். அவை நல்ல வீதிகளுக்கானவை. யப்பானின் குண்டும் குழியுமான மண் வீதிகளுக்கு ஒவ்வாதவை. எனவே 1958 ஆகஸ்டில் தாமே ஒன்றை வெளியிட்டனர். அதுவே ‘சூப்பர் கப்’. 49 சீசீ நான்கு வீச்சு இயந்திரம், 4.5 குதிரை வலு. விலை 55,000 யென். உணவுக் கடைப் பையன் ஒரு கையில் நூடுல்ஸ் தட்டுகளை ஏந்தியபடி மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பின் அடிப்படை விதி. ஆகவே கையால் அழுத்தும் கிளட்ச் நீக்கப்பட்டது. காலால் கியரை மாற்றினாலே போதும். சேறு தெறிக்காதிருக்கக் காலுக்கு முன்னே பிளாஸ்ரிக் மறைப்பு வைக்கப்பட்டது. பாவாடை அணிந்தவரும் வேட்டி கட்டியவரும் காலைத் தூக்கிப் போடாமலே ஏறி அமர, நடுப்பகுதி தாழ்ந்திருந்தது. பள்ளங்களில் இறங்கி ஏறச் சில்லுகள் பெரியனவாக அமைந்தன.

1959 இல் ஹொண்டா அமெரிக்காவில் கடை திறந்தது. மோட்டார் சைக்கிள் என்றாலே முரடர்களின் வண்டி என்றிருந்த அந்நாட்டில், நல்ல மனிதர்களைச் சந்திக்க இதில் ஏறுங்கள் என்ற பொருள்பட 1963 இல் தொடங்கிய விளம்பரம் அக்கருத்தை மாற்றியது. வியட்நாமிலோ மோட்டார் சைக்கிளுக்கே ‘ஹொண்டா’ என்று பெயராயிற்று. 2017 ஆம் ஆண்டில் சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைக் கடந்தது. வேறெந்த மோட்டார் ஊர்தியும் இத்தொகையை எட்டியதில்லை.

நமது நாட்டிலும் சி 50, சி 70, சி 90 என அவ்வண்டிகள் வந்து சேர்ந்தன. யப்பானியத் தபாற்காரருக்காகவே தயாரிக்கப்பட்ட எம்.டி. 90, பழைய வண்டியாக இங்கு இறக்குமதியாகி, யாழ்ப்பாணத்தின் செல்லப்பிள்ளையாயிற்று. ஆசிரியர், கிராம சேவகர், குடும்ப நல மாது, மீன் வியாபாரி, புகையிலைத் தோட்டக்காரர் எனச் சகலரும் அதில் ஏறினர். முன்னே பிள்ளை, பின்னே மனைவி, இருவருக்குமிடையே இன்னொரு பிள்ளை எனக் கோயிலுக்குப் போகும் குடும்பங்களை நாம் காணவில்லையா?

அதனை ஓட்டும் இன்பம் வேகத்தில் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், கிடுகு வேலிகளுக்கு இடையிலான ஒழுங்கையால் போகும்போது, தோட்டத்துக்கு நீர் பாயும் மணமும், எங்கோ அடுப்பில் வேகும் ஒடியற் கூழின் மணமும் உடன் வரும். காரில் வருபவரை ஊரார் தூர நின்று பார்ப்பர். சிறிய மோட்டார் சைக்கிளில் வருபவரையோ, “எங்கை போறியள் தம்பி? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று மறிப்பர். எனக்குக் கிடைத்த நல்ல செய்திகளிற் பல, அவ்வாறு மறிக்கப்பட்ட படலைகளிலேயே கிடைத்தன. வைத்திருப்பதன் இன்பம் வேறு. ஞாயிறு காலையில் வேப்ப மர நிழலில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மீண்டும் உதைத்ததும் முதல் உதையிலேயே அது உயிர்பெறும் ஒலியைக் கேட்பவருக்கு, இந்தப் பொருள் முழுவதும் தன் கைக்கு அடங்கியது என்ற நிறைவு உண்டாகும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் வரவில்லை, மின்சாரம் நின்றது. கார்கள் கொட்டகைகளில் உறங்கின. ஆனால் சிறிய மோட்டார் சைக்கிள்கள் உறங்கவில்லை. அவை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் பொன்போலச் சேமித்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி உதைத்துக் கிளப்புவர். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். இடையில் நின்றுவிட்டால் மீண்டும் போத்தலைத் தேட வேண்டும். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரம் அதில் தட்டும், கரி படியும், வெண்புகை கக்கும். எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் இதற்குப் பாடம் நடத்தவில்லை. ஊர்த் திருத்தகங்களில் எண்ணெய் படிந்த கைகளுடன் நின்ற இளைஞர்களே இதனைச் சாத்தியமாக்கினர். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவையும், ஆசிரியரைப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தவையும் அந்த வண்டிகளே.

ஹமமற்சுவில் 1946 இல் கர்ப்பூரத் தைலப் புகை கக்கிய முதல் வண்டியையும், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிய எம்.டி. 90 ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பிறந்தபோது கற்ற பாடத்தை அந்த ஊர்தி மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. சிறிய இயந்திரம் குறைவாகக் கேட்கும். கிடைத்ததைக் கொண்டு ஓடும். அதனாலேயே அது எளியவருக்கு உரியதாயிற்று.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழி நோக்கிய வீதியில் இந்த வண்டிகளை ஓட்ட இடமிருக்கவில்லை. மூட்டைகளைக் கட்டி, முதியோரை இருத்தி, மழைக்குள் உருட்டிச் சென்றனர். பத்து ஆண்டுகளின் பின், 2005 இன் இறுதியிலிருந்து, இதே ஊர்தி அச்சத்தின் உருவமாகவும் ஆனது. இனந்தெரியாதோர் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுச் செல்லும் செய்திகளை நாங்கள் நாள்தோறும் எழுதினோம். இரவில் அந்த ஒலி கேட்டால் விளக்கை அணைத்த வீடுகள் பல. சிறிய மோட்டார் சைக்கிளின் புகழைப் பாடும்போது இதனை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். வண்டிக்குக் குணமில்லை, ஏறி அமர்பவருக்கே குணமுண்டு.

போர் முடிந்தபின் யாழ்ப்பாண வீதிகளில் ஏற்பட்ட பெரிய மாற்றம், ஸ்கூட்டர்களில் செல்லும் பெண்கள். தந்தையையோ தமையனையோ எதிர்பாராமல் வேலைக்கும் வகுப்புக்கும் செல்லும் அவர்களைக் காணும்போது, உணவு தேடி ஓட்டிச் சென்ற சச்சி ஹொண்டாவின் நினைவு எனக்கு வருவதுண்டு. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையின் கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் ஒதுக்கப்பட்டது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டிக்கு அது 200 கிலோமீற்றர். பெரிய வாகனக்காரர் வரிசையில் நின்று புலம்ப, சிறிய வண்டிக்காரர் தம் வாரத்தை ஒருவாறு ஓட்டிச் சென்றார். வடக்கு 1990 களில் தனியே கற்ற பாடத்தை, முப்பது ஆண்டுகளின் பின் முழு நாடும் கற்றது.

புகை தொடர்பான புதிய சட்டங்களால் 2025 ஆம் ஆண்டில் யப்பானில் 50 சீசீ சூப்பர் கப் உற்பத்தி நிறுத்தப்பட்டது. சற்றுப் பெரிய இயந்திரத்துடன் அதன் உடன்பிறப்புகள் தொடர்கின்றன. மின்கலத்தில் ஓடுவனவும் வந்துவிட்டன. நாளைய சிறிய வண்டி ஒலி எழுப்பாமலே நம் ஒழுங்கைகளில் போகக்கூடும். அதை வடிவமைப்போரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். ஊர்த் திருத்தகத்துப் பிள்ளை கழற்றிப் பார்த்து, விளங்கிக்கொண்டு, இருப்பதைக் கொண்டு ஓடச் செய்யக்கூடியதாக அதையும் செய்யுங்கள். தட்டுப்பாடு மறுபடியும் வராது என்று எங்கள் தலைமுறை நம்பியதில்லை.