மாயப் புனைவுலகில் வெடிமருந்து ஆயுதங்கள்

மந்திரம் செல்லுபடியாகும் கற்பனை உலகங்களில் வரும் துப்பாக்கி, பீரங்கி, வெடி ஆகியவை. வெடிமருந்து வந்தால் மந்திரத்துக்கு வேலையில்லை என்பது பரவலான எண்ணம். முக்கியப் படைப்புகளோ வேறு கதை சொல்கின்றன. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நாவலிலேயே மந்திரவாதி சாருமானின் படை ஹெல்ம்ஸ் டீப் கோட்டை மதிலை வெடிவைத்துத் தகர்க்கிறது. ரோஜர் ஜெலாஸ்னியின் ‘தி கன்ஸ் ஆஃப் அவலான்’ (1972) நாவலில் ஆம்பர் நகரில் சாதாரண வெடிமருந்து தீப்பற்றாது. நகைக்கு மெருகேற்றும் பொடி ஒன்று அங்கே பற்றுவதைக் கண்ட கதாநாயகன் கோர்வின், துப்பாக்கிப் படையோடு திரும்புகிறான். பிரையன் மெக்லெலனின் ‘பிராமிஸ் ஆஃப் பிளட்’ (2013) நாவலில் வெடிமருந்தை மூக்கில் உறிஞ்சும் வீரர்கள் அதிலிருந்தே மாய ஆற்றல் பெற்று, அரசவை மந்திரவாதிகளை வீழ்த்துகிறார்கள்.

நெருப்பையே ஏவும் மந்திரவாதி இருக்கையில் துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். மந்திரம் பெரும்பாலும் பிறப்பால் வாய்ப்பது, அல்லது நெடுங்காலம் பயில வேண்டியது. துப்பாக்கியையோ உழவனுக்கும் விரைவில் பழக்கிவிடலாம். ஆகவே இவ்வாயுதம் மாற்றுவது முதன்மையாகப் போர்முறையை அல்ல, அதிகாரம் யார் கையில் என்பதை. துப்பாக்கி வந்தால் கதையின் இடைக்காலச் சூழல் கெடும் என்ற மறுப்பும் வரலாற்றின் முன் நிற்காது: ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டிலேயே பீரங்கி வந்துவிட்டது, முழு உடல் இரும்புக் கவசம் உச்சம் தொட்டது அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான். கான்ஸ்டான்டினோபிள் மதில்களைப் பீரங்கிகள் உடைத்த 1453இலும் வில்லும் வாளும் களத்தில் இருந்தன.