ஒரே வாசல் இருந்த சுரங்கம்: நியூகாசில் பொறியாளர்களின் கதை

பொறியாளர் சங்கம் என்றதும் நம் மனசுக்கு என்ன வருது? ஆண்டு விழா, பொன்னாடை, குரூப் போட்டோ, விளம்பரம் நிறைந்த ஒரு சிறப்பு மலர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அதில் ஒரு ஊர்ச் சங்கத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிற நியூகாசில் நகரத்தில் 1852-ல் தொடங்கிய வட இங்கிலாந்து சுரங்கப் பொறியாளர் கழகம். அதன் கதையைச் சொல்ல, நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1812 மே 25. நியூகாசிலுக்குப் பக்கத்தில் ஃபெல்லிங் என்ற இடத்துச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு தீப்பிடித்து வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் செத்துப்போனார்கள். இந்த மாதிரி விபத்துகள் வெளியே பேசப்படுவதை முதலாளிகள் விரும்பாத காலம் அது. செத்தவர்களை அடக்கம் செய்துவைத்த பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன், நடந்ததை வரைபடத்தோடு எழுதி அச்சிட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு சண்டர்லாந்து நகரத்தில் சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் உருவானது. அவர்கள் லண்டனிலிருந்த வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியிடம் உதவி கேட்டார்கள். அவர் 1815-ல் பாதுகாப்பு விளக்கைச் செய்தார்.

அதே ஆண்டில் இன்னொருவரும் விளக்கு செய்துகொண்டிருந்தார். கில்லிங்வொர்த் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட ஜார்ஜ் ஸ்டீபன்சன். பின்னாளில் ரயிலுக்குப் பெயர்போன அதே ஸ்டீபன்சன்தான். அவருக்குப் படம் வரையத் தெரியாது. அதே சுரங்கத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்த, இருபது வயதான நிக்கலஸ் வுட் விளக்கின் படத்தை வரைந்துகொடுத்தார். அக்டோபர் மாத இரவு ஒன்றில், வாயு கசிகிற இடத்துக்கே விளக்கோடு போய்ச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்கு தப்பியிருந்தால் மூவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். அப்படிப் போன மூன்று பேரில் வுட் ஒருவர். டிசம்பரில் நியூகாசிலின் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் ஸ்டீபன்சன் அந்த விளக்கைக் காட்டினார்.

விளக்கு வந்ததும் சாவு குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. வாயு அதிகம் என்று அதுவரை கைவிட்டிருந்த பகுதிகளிலும், ‘அதான் விளக்கு இருக்கே’ என்று ஆட்களை இறக்கினார்கள். சுரங்கங்கள் இன்னும் ஆழமாகப் போயின. 1839-ல் சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் செயின்ட் ஹில்டா சுரங்கம் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர்க்காரர்களே ஒரு குழு அமைத்து விசாரித்து 1843-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விளக்கை மட்டும் நம்பாதீர்கள், நல்ல காற்றோட்டம் வேண்டும், அதற்குப் போதுமான ஷாஃப்ட்டுகள் வேண்டும் என்பது அதன் சாரம். ஷாஃப்ட் என்றால் தரையிலிருந்து நேராகக் கீழே இறங்கும் கிணறு போன்ற வழி. அதைத் தோண்ட ஏகப்பட்ட பணம் ஆகும். அறிக்கை அலமாரிக்குப் போனது.

1852 கோடையில் சீஹம் சுரங்கத்தில் மறுபடி ஒரு வெடிப்பு. இந்தத் தடவை சுரங்கங்களை நடத்துகிற பொறியாளர்களே கூடினார்கள். காற்றோட்டம், விபத்துத் தடுப்பு, சுரங்கம் தோண்டும் முறைகள் பற்றி முறையாகக் கூடிப் பேச ஒரு கழகம் வேண்டும் என்று முடிவானது. தலைவர் யார் தெரியுமா? அந்த இரவு விளக்கோடு இறங்கிய பையன்தான். நிக்கலஸ் வுட்டுக்கு அப்போது வயது 57. இடையில் ரயில் பாதைகளைப் பற்றி 1825-ல் ஒரு முக்கியமான புத்தகம் எழுதியிருந்தார். 1829-ல் ரெயின்ஹில்லில் நடந்த புகழ்பெற்ற ரயில் எஞ்சின் போட்டிக்கு நடுவராகவும் இருந்தவர்.

கழகத்தின் வேலை பார்க்க எளிமையானது. ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், மறுப்பார்கள். இரண்டையும் சேர்த்து அச்சடிப்பார்கள். ஒரு சுரங்கத்தில் நடந்தது அடுத்த சுரங்கத்துக்காரருக்குத் தெரியாமல் இருந்த இடத்தில் இது பெரிய மாற்றம். 1854-ல் ஜான் ஜாப் அட்கின்சன் என்பவர் காற்றோட்டத்தின் கோட்பாடு பற்றி அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். சுரங்கப் பாதையில் காற்று ஓடும்போது எவ்வளவு தடை இருக்கும், அதைத் தாண்ட எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்கான சமன்பாடு அது. காற்றின் அளவை இரண்டு மடங்காக்க அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும், சக்தியோ எட்டு மடங்கு. அதாவது, இருக்கிற ஒரு குறுகலான வழியிலேயே காற்றை இன்னும் திணித்துச் சமாளிக்க முடியாது. வழியை அகலமாக்க வேண்டும், அல்லது இன்னொரு வழி வேண்டும். சுரங்கப் பொறியியல் மாணவர்கள் இன்றும் இதை அட்கின்சன் சமன்பாடு என்றுதான் படிக்கிறார்கள்.

சரி, கணக்கு தெரிந்துவிட்டது. 1843-லேயே ஊர்க்காரர்களும் சொல்லியாகிவிட்டது. பிறகும் என்ன நடந்தது?

1862 ஜனவரி 16, வியாழக்கிழமை காலை. நியூகாசிலுக்கு வடக்கே ஹார்ட்லி சுரங்கம். ஏறி இறங்கவும், நிலக்கரி தூக்கவும், தண்ணீர் இறைக்கவும், காற்று போய்வரவும் எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஷாஃப்ட். நடுவில் மேலிருந்து கீழ்வரை பலகைத் தடுப்பு போட்டு, ஒரு பக்கம் நல்ல காற்று இறங்க, மறு பக்கம் கெட்ட காற்று ஏற வைத்திருந்தார்கள். ஷாஃப்ட்டின் வாய்க்கு மேலே தண்ணீர் இறைக்கும் இயந்திரம். அதன் உத்திரம் வார்ப்பிரும்பு, எடை 42 டன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்த உத்திரம் இரண்டாக உடைந்தது. பாதித் துண்டு ஷாஃப்ட்டுக்குள் விழுந்து, பலகைகளையும் மரச்சட்டங்களையும் பிய்த்துக்கொண்டு போய் நடுவழியில் அடைத்துக்கொண்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த கூண்டில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். கீழே 199 பேர் மாட்டிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களும் அதில் உண்டு.

ஷாஃப்ட் தோண்டுவதில் பேர்பெற்ற வில்லியம் கூல்சன் மீட்பு வேலையை முன்னின்று நடத்தினார். சுற்றுவட்டாரத்துப் பொறியாளர்களும் தொழிலாளிகளும் வந்து சேர்ந்தார்கள். உடைந்த மரமும் கல்லும் எப்போது சரியும் என்று தெரியாத இடத்தில் கயிற்றில் தொங்கியபடி வேலை. கீழிருந்து வந்த வாயுவில் மீட்பவர்களே மயங்கி விழுந்தார்கள். ஆறாவது நாள் ஒரு வழியாக உள்ளே போனபோது ஒருவரும் உயிரோடு இல்லை. வெடிப்பு கிடையாது, தீ கிடையாது. காற்று வழி அடைபட்டு, கார்பன் மோனாக்சைடில் மூச்சு நின்றுபோயிருந்தது. பலர் வரிசையாக உட்கார்ந்த நிலையில் தூங்குவதுபோல இருந்தார்கள். ஒரு மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில், வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து பிரார்த்தனை செய்ததாக எழுதியிருந்தது. மொத்தச் சாவு 204.

அதே ஆண்டு பாராளுமன்றம் சட்டம் போட்டது. இனி எந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தனித்தனியாக இரண்டு வழிகள் இருக்க வேண்டும். பழைய சுரங்கங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு உறுத்தல். ஹார்ட்லியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், நாட்டிலேயே சுரங்கக் காற்றைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் பத்து வருஷமாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் முதலாளிகளிடம் சம்பளம் வாங்கியவர்கள். வுட்டே பெரிய சுரங்கங்களை நிர்வகித்தவர், முதலாளிகள் தரப்பின் முக்கியக் குரல். இரண்டாவது ஷாஃப்ட்டுக்கான செலவு யார் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் யார் சாவார்கள் என்பதும் தெரியும். சாகக்கூடியவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை. தொழிலாளர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுவந்ததை, 204 சவப்பெட்டிகளுக்குப் பிறகு சட்டம்தான் வாங்கித்தந்தது.

அதனால் கழகமே வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். சட்டம் ‘காற்று வேண்டும்’ என்று சொல்லும்போது, எவ்வளவு காற்று, எப்படி என்று கணக்குப் போட ஆள் வேண்டும். அந்த ஆட்களை உருவாக்கியதில் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுரங்கம் படிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டுவந்தார்கள். வுட் 1865-ல் இறந்தார், அதைப் பார்க்கவில்லை. 1871-ல் நியூகாசிலில் இயற்பியல் அறிவியல் கல்லூரி தொடங்கியது. இன்றைய நியூகாசில் பல்கலைக்கழகத்தின் வேர்களில் அது ஒன்று. அடுத்த ஆண்டு கழகத்துக்குச் சொந்தக் கட்டடமும் வந்தது. அதன் மண்டபத்துக்கு வுட்டின் பெயரை வைத்து அவருடைய சிலையையும் நிறுவினார்கள். கட்டடத்தை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் டன், அரசின் முதல் சுரங்க ஆய்வாளர்களில் ஒருவருடைய மகன். ஸ்டீபன்சன் விளக்கைக் காட்டிய அந்தச் சங்கம் அதற்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது. 1876-ல் கழகத்துக்கு அரச சாசனமும் கிடைத்தது. அதற்கு முன்பே இயந்திரப் பொறியாளர்கள் பெயரும் கழகத்தின் பெயரில் சேர்ந்திருந்தது.

அந்த வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கமான எல்லிங்டன் 2005-ல் மூடப்பட்டது. இப்போது சுரங்கம் இல்லை, கட்டடம் இருக்கிறது. புதுப்பித்து 2021-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். இது 1852-லேயே நடந்திருக்க வேண்டியது.

நம்ம ஊரிலும் பொறியாளர் சங்கங்கள் இருக்கின்றன. அடுத்த முறை ஒரு பாலமோ பட்டாசு ஆலையோ செய்தியில் வரும்போது நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுப்பார்க்கப்போகிறேன். இதைப் பற்றிக் கூடிப் பேசி அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கிற ஒரு அறை இங்கே இருக்கிறதா? இருந்தால், அதில் அங்கே வேலை செய்கிறவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களா?