25 ஆண்டு உத்தரவாதமும் இறக்கக்கண்டிக் குறடும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில், களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது இறக்கக்கண்டி. ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி சேகரிப்பதற்காக அங்கு சென்றிருந்தேன். வீட்டையும் வள்ளத்தையும் வலைகளையும் இழந்திருந்த ஒரு முதிய மீனவர் தம் இடுப்பிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். அது ஒரு மடக்குக் குறடு. விரித்தால் குறடு, அதன் கைப்பிடிகளுக்குள் கத்தி, அரம், திருப்புளி, தகரம் வெட்டி எல்லாம் அடங்கியிருந்தன. அலை வந்த காலையில் கரையில் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தாராம். அதனால் அது மட்டும் அவரோடு தப்பியது.

வாசகர்களுக்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். எனினும் அந்தக் குறட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பல வேலைக்கு ஒரு கத்தி என்பது திருகோணமலைக்குப் புதியதன்று. பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தில் தளம் வைத்திருந்த காலத்தில் அதன் மாலுமிகளிடம் மடக்குக் கத்திகள் இருந்தன. அகன்ற ஒரு அலகு, தகரம் திறக்கும் ஒரு கொக்கி, கயிற்றின் புரிகளைப் பிரிக்க ஒரு தடித்த முள், அவ்வளவுதான். அவற்றுட் பல இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பட்டறைகளில் செய்யப்பட்டவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய நாளிலும், 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் அத்தகைய கத்திகள் அங்கே இருந்திருக்கும். அந்த மீனவரின் தகப்பனார் துறைமுகத் தொழிலாளி. அவரிடமும் ஒன்று இருந்ததாம். அதற்கு உத்தரவாதச் சீட்டு எதுவுமில்லை. அலகு தேய்ந்தால் கொல்லர் தீட்டிக் கொடுப்பார்.

உத்தரவாதத்தோடு வரும் கத்தியின் வரலாறு வேறு. சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891இல் தம் நாட்டு இராணுவத்துக்குக் கத்திகள் வழங்கினார். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் அதே கத்தியை மலிவாகச் செய்தபடியால் அவர் நொடிந்துபோகும் நிலைக்கு வந்தார். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் அவரைக் காப்பாற்றியது. தாயார் விக்டோரியா 1909இல் மறைந்தபின் அவர் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 1921இல் துருவேறா உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்ற சொல் அதனோடு சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆயிற்று. நம்மவர் பலர் அகதிகளாகச் சுவிஸ் சென்றபின், அந்தச் சிவப்புக் கத்தி ஊருக்கு வரும் பெட்டிகளில் இடம்பிடித்தது.

குறட்டை நடுவில் வைத்த கருவி அமெரிக்காவில் பிறந்தது. 1975இல் ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றிய டிம் லெதர்மன், சட்டைப்பையிலிருந்த கத்தியில் ஒரு குறடும் இருந்தால் எவ்வளவு நன்று என்று எண்ணினார். 1980இல் காப்புரிமை பெற்றார். 1983இல் நிறுவனம் தொடங்கினார். அவர் தம் கருவிகளுக்குக் கொடுத்த உத்தரவாதம் 25 ஆண்டு.

1983 என்ற ஆண்டை ஈழத்தமிழர் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த ஆடியில் மூண்ட போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஏறத்தாழ 26 ஆண்டுகள். உலகின் மறுகோடியில் ஒருவர் கொடுத்த உத்தரவாதத்தைவிட, நமது போர் நீண்டது.

உத்தரவாதம் என்பது பொருள் உடையாது என்ற வாக்கன்று. உடைந்தால், அது செய்தவரின் பிழையாயின், திருத்தியோ மாற்றியோ தருவோம் என்ற வாக்கு. தேய்மானமும் தவறான பாவனையும் அதற்குள் அடங்கா. அந்த வாக்கு நிறைவேற நிறுவனம் உயிரோடிருக்க வேண்டும். தபால் ஓட வேண்டும். வீதி திறந்திருக்க வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இக்கரையோர மக்கள் இடம்பெயர்ந்தனர். கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் எஞ்சினின் வலுவுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த நாட்களில் ஒரு குறட்டைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் யாருக்கு வந்திருக்கும்?

உருக்கின் குணத்தையும் சொல்ல வேண்டும். துருவேறா உருக்கு என்ற பெயர் சற்று மிகையானது. அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாகி உருக்கைக் காக்கிறது. கடலுப்பு அந்தப் படலத்தை அரிக்கும். கத்திக்குக் கூர் நிலைக்க வேண்டுமென்று கரிமம் கூட்டினால், துருவை எதிர்க்கும் வலு குறையும். மூட்டின் இடுக்கில் உப்புநீர் தங்கினால் அங்கிருந்துதான் அழிவு தொடங்கும். நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட்டால் இத்தகைய கருவி பல்லாண்டு உழைக்கும். ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளே உப்பாகிப்போன கரையில், குடிக்கவே நன்னீர் தேடிய மக்கள் குறட்டைக் கழுவுவது எப்படி?

அந்தக் குறடு 1995இன் தொடக்கத்தில், போர்நிறுத்தம் நிலவிய சில மாதங்களில், ஐரோப்பாவிலிருந்த தம்பி கொடுத்தனுப்பியது. பற்றுச்சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாராம்.

"கடுதாசி எல்லாம் கடலோட போயிட்டுது தம்பி; சாமான் மட்டும் கையில நிக்குது" என்றார்.

அதன் மூட்டு இறுகி, ஊடச்சு முறியும் நிலையில் இருந்தது. நான் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் காட்டினேன். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார்கள். ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது என்றேன். அனுதாபப்பட்டார்கள்; ஆனால் பொறுப்பேற்கவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரியாக இருக்கலாம். வெறுங்கையோடு திரும்பி, அடுத்த பயணத்தில் அதை உரியவரிடம் ஒப்படைத்தபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. காணிக்கும் பிள்ளைகளின் பிறப்புக்கும் சான்று இழந்து, கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்த அவருக்கு இது ஒன்றும் புதிதல்ல.

போர் முடிந்தபின் 2012இல் மீண்டும் இறக்கக்கண்டிக்குச் சென்றேன். பெரியவர் காலமாகிவிட்டார். குறடு மகனிடம் இருந்தது. முறிந்த ஊடச்சுக்குப் பதிலாக, பழைய படகு எஞ்சினின் மரையாணி ஒன்றை அளவாகக் கடைந்து பூட்டியிருந்தார்கள். திருகோணமலையில் ஒரு பட்டறையில் செய்ததாம். அத்தகைய மாற்றம் செய்தால் உத்தரவாதம் செல்லாது என்பது பொதுவான விதி. அதைச் சொன்னபோது அந்த இளைஞர் சிரித்தார். வலையின் ஈயத்தைக் குறட்டால் நெரித்து இறுக்கிக்கொண்டே, "அண்ணை, செய்தவன் தூரத்தில இருக்கிறான்; திருத்தினவன் கிட்ட இருக்கிறான்" என்றார்.

உத்தரவாதத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தச் சீட்டிலும் படித்ததில்லை.