பொறி எச்சரிக்கை விளக்கு

பொறி எச்சரிக்கை விளக்கு என்பது தானுந்தின் முகப்புப் பலகையில், பொறியின் உருவ வடிவில் மஞ்சள் நிறமாக ஒளிரும் விளக்கு ஆகும். வழக்கில் இது "செக் எஞ்சின் லைட்" எனப்படுகிறது. பொறியை இயக்கும் கணினி, தனக்கு வரும் உணரிக் குறிகைகளில் ஏதேனும் ஒன்று எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்டால், ஒரு பிழைக் குறியீட்டைத் தன் நினைவகத்தில் பதிந்து இவ்விளக்கை எரியச் செய்கிறது. அக்குறியீடு பழுதான பாகத்தின் பெயர் அன்று; பிழை தென்பட்ட மின்சுற்றின் அல்லது அளவீட்டின் பெயரே ஆகும். இவ்வேறுபாட்டை அறியாமையால் நல்ல உணரிகள் கழற்றி எறியப்படுவதும், செலவு செய்த பின்னும் பழுது தொடர்வதும் பழைய கார்களில் அடிக்கடி நிகழ்கின்றன.

வரலாறு

காற்று மாசைக் கட்டுப்படுத்தும் நோக்கில், வண்டி தன் பழுதைத் தானே கண்டறிய வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988 ஆம் ஆண்டு மாதிரிகளில் இருந்து நடைமுறைப்படுத்தியது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வேறுபட்ட குறியீடுகளையும் செருகு முனைகளையும் வைத்திருந்தது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி 2 என்னும் பொதுச் சீர்தரம் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு இது 2001 இல் வந்தது.

இந்தியாவில்

1998 இல் காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, தொடக்கம் முதலே கணினி வழி எரிபொருள் உட்செலுத்தலைக் கொண்டிருந்தது. 2000 ஆம் ஆண்டளவில் மாருதி 800 உம் கார்புரேட்டரை விட்டு இம்முறைக்கு மாறியது. இக்கார்களில் உணரிகளும் எச்சரிக்கை விளக்கும் இருந்தன. ஆனால் பொதுச் சீர்தரம் அப்போது இந்தியாவில் கட்டாயமாக இல்லை.

2010 ஏப்ரல் 1 அன்று பாரத் நிலை 4 மாசு விதிகள் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. அவற்றுடன் ஓபிடி 1 உம், 2013 ஏப்ரல் முதல் ஓபிடி 2 உம் கட்டாயமாயின. நிலை 4 நாடு முழுவதற்கும் விரிந்தது 2017 ஏப்ரல் 1 இல்தான். ஆகவே ஒரே ஆண்டில் ஒரே பெயரில் விற்கப்பட்ட இரு கார்களுள், சென்னையில் பதிவானது நிலை 4 ஆகவும் உத்திரமேரூர் போன்ற ஊர்ப்புறத்தில் வாங்கப்பட்டது நிலை 3 ஆகவும் இருக்கக்கூடும். பழைய காரைச் சோதிப்பவர், அது எந்த நிலையைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். செருகு முனையின் வடிவத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. 16 முனைச் செருகி இருந்தும், பொதுவான படிப்பானுக்குப் பதில் தராத கார்கள் உண்டு.

விளக்குகளின் பொருள்

* சிவப்பு எண்ணெய் விளக்கு: உயவு எண்ணெயின் அழுத்தம் இல்லை. பொறியை உடனே நிறுத்த வேண்டும். சில மணித்துளிகள் ஓட்டினாலும் பொறி நிலையான சேதம் அடையலாம்.
* சிவப்பு வெப்ப விளக்கு: பொறி மிகையாகச் சூடேறியுள்ளது. நிறுத்தி ஆறவிட வேண்டும்; சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.
* சிவப்பு மின்கல விளக்கு: பெரும்பாலும் மின்கலத்தின் பழுது அன்று. ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்யவில்லை என்பதே பொருள்.
* மஞ்சள் பொறி விளக்கு, நிலையாக எரிதல்: வண்டி வழக்கம்போல் ஓடினால் பணிமனை வரை ஓட்டிச் செல்லலாம்.
* மஞ்சள் பொறி விளக்கு, விட்டுவிட்டு எரிதல்: ஓபிடி 2 கார்களில் இது கடுமையான தீப்பற்றல் தவறைக் குறிக்கும். எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியில் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும் என்பதால் தொடர்ந்து ஓட்டுதல் கூடாது.

சாவியைத் திருப்பிப் பொறியை இயக்காமல் இருக்கும்போது பொறி விளக்கு எரிய வேண்டும். பொறி ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியாவிடில் விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது பழுதை மறைக்கத் துண்டிக்கப்பட்டிருக்கலாம். பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

குறியீட்டைப் படித்தல்

ஓபிடி 2 கார்களில் செருகி, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே பலகையின் அடியில் இருக்கும். அதன் 16 ஆம் முனையில் மின்கலத்தின் நேர்மின்னும், 4, 5 ஆம் முனைகளில் நிலமின்னும் வரும். படிப்பான் உயிர்பெறாவிடில் இம்முனைகளையும் அவற்றுக்குரிய ஃப்யூசையும் சோதிக்க வேண்டும்.

பழைய மாருதி சுசூகி கார்கள் சிலவற்றில் படிப்பான் இன்றியே குறியீட்டை அறியலாம். கையேட்டில் காட்டப்பட்ட சோதனை முனையை நிலமின்னுடன் இணைத்தால் பொறி விளக்கு கண்சிமிட்டும். ஒரு முறை சிமிட்டி, சற்று நின்று, இரு முறை சிமிட்டினால் அது 12. பிழை இல்லை என்பது அதன் பொருள். சுசூகி மாதிரிகள் பலவற்றில் 13 ஆக்சிசன் உணரிச் சுற்றையும், 14 குளிர்நீர் வெப்ப உணரிச் சுற்றையும் குறிக்கும். மாதிரிக்கு மாதிரி வேறுபாடு உண்டு என்பதால் அவ்வண்டிக்குரிய கையேடே இறுதியானது.

குறியீட்டைக் குறித்துக்கொள்ளும் முன் மின்கல இணைப்பைக் கழற்றுதல் தவறு. விளக்கு அணையும், பல கார்களில் குறியீடும், பிழை தோன்றிய நொடியின் வேகம், வெப்பம் முதலிய பதிவுகளும் சேர்ந்தே அழியும்.

எடுத்துக்காட்டு: குளிர்நீர் வெப்ப உணரி

இவ்வுணரி வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் தன்மையது. பல கார்களில் இதன் தடை 20 பாகை செல்சியசில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓமும் இருக்கும். கணினி ஒரு தடையின் வழியாக 5 வோல்ட் அனுப்பி, உணரியின் மீது நிற்கும் மின்னழுத்தத்தை அளக்கிறது. கம்பி அறுந்தால் முழு 5 வோல்ட்டும் நிற்கும். கணினி அதை -40 பாகை எனக் கொள்ளும். உத்திரமேரூரின் மே மாத வெயிலில் -40 பாகை எனக் காட்டும் அளவீடு வெப்பத்தை அல்ல, அறுந்த சுற்றையே காட்டுகிறது. இதற்குரிய பொதுக் குறியீடு பி 0118.

அறுந்தது உணரியா கம்பியா என்பதை ஒரு சிறு கம்பித் துண்டால் அறியலாம். உணரியின் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கமுள்ள இரு முனைகளையும் இணைத்தால், படிப்பானில் அளவீடு 120 பாகைக்கும் மேல் பாய வேண்டும். பாய்ந்தால் கம்பிகளும் கணினியும் நலம். உணரியோ அதன் முனைத் தொடர்போ பழுது. -40 இலேயே நின்றால் கம்பி அறுந்துள்ளது. புதிய உணரி வாங்குவதால் பயனில்லை. இச்சோதனை இரு கம்பி வெப்ப உணரிகளுக்கு மட்டுமே உரியது. மூன்று கம்பி உணரிகளில் அவ்வாறு இணைத்தால் கணினியின் 5 வோல்ட் வழங்கலே நிலமின்னுடன் குறுக்கிணையும்.

குறியீடும் காரணமும்

* பி 0171 (கலவையில் எரிபொருள் குறைவு): பலரும் ஆக்சிசன் உணரியை மாற்றுவர். ஆனால் அவ்வுணரி உண்மையையே சொல்லியிருக்கலாம். எரிபொருள் திருத்த அளவு வெறுமனே ஓடும்போது மிகுந்து, வேகம் கூட்டினால் குறையுமாயின் வெற்றிடக் குழாயில் காற்றுக் கசிவு இருக்கும். சுமையில் மிகுமாயின் எரிபொருள் வடிகட்டியையோ பம்பையோ ஐயுற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை என்பதால், 20 விழுக்காட்டுக் கலவையில் பழைய கார்களின் திருத்த அளவு இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும்.
* பி 0301 (முதல் உருளையில் தீப்பற்றல் தவறு): தனித்தனிச் சுருள் உள்ள பொறிகளில், முதல் உருளையின் சுருளை இரண்டாவதற்கு மாற்றிப் பார்க்கலாம். குறியீடு பி 0302 ஆக மாறினால் பழுது சுருளில். மாறாவிடில் தீப்பொறிச் செருகி, உட்செலுத்தி, உருளை அழுத்தம் என வேறிடத்தில்.
* பி 0420 (வினையூக்கி மாற்றியின் திறன் குறைவு): விலை மிகுந்த இப்பாகத்தை மாற்றும் முன் புகைக்குழாயில் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல குறியீடுகள் ஒருங்கே தோன்றுதல்: பொதுவான 5 வோல்ட் வழங்கல், நிலமின் இணைப்பு, மின்கல அழுத்தம் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். பொறி ஓடும்போது மின்கல முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் இயல்பு.

ஊர்ப்புறச் சூழல்

வயலை அடுத்த வீடுகளில் நிறுத்தப்படும் கார்களில் எலிகள் கம்பி உறையைக் கடிப்பது பரவலான பழுது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரைக் கடந்த பின் கப்ளர்களில் நீர் புகுந்து முனைகள் பச்சை பூக்கும். பட்டறை வழக்கில் "எர்த்" எனப்படும் நிலமின் கம்பியின் இணைப்பு துருப்பிடித்தால் உணரிகளின் அளவீடுகள் பிறழும். கண்ணால் பார்த்தும், ஒரு மல்ட்டிமீட்டரால் அளந்தும் இவற்றை அறியலாம். உரிய படிப்பான் உள்ள பணிமனை தொலைவில் இருப்போருக்கு இச்சோதனைகளே முதற்படி.

திருத்திய பின்

பழுது நீக்கிக் குறியீட்டை அழித்த பின், குளிர்ந்த பொறியில் தொடங்கி முழுச் சூடேறும் வரை வண்டியை ஓட்டி, குறியீடு திரும்பவில்லை என உறுதி செய்ய வேண்டும். அழிக்காமல் விட்டாலும், ஓபிடி 2 கார்களில் பொதுவாகப் பிழையற்ற மூன்று தொடர் ஓட்டங்களுக்குப் பின் விளக்கு தானே அணையும். குறியீடு 40 சூடேற்றச் சுற்றுகளுக்குப் பின் நினைவகத்தில் இருந்து நீங்கும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* எரிபொருள் உட்செலுத்தல்
* வினையூக்கி மாற்றி
* பாரத் நிலை மாசு விதிகள்