ஆசியானும் சிறு தேசங்களின் ராஜதந்திரமும்

பழைய கிள்ளான் சாலையை அடுத்த கம்போங் மேடானில் தமிழரும் மலாய்க்காரரும் இந்தோனேசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அண்டை அயலாராய் வாழ்ந்ததைக் கண்டவர்களுக்கு, 1964-இல் இந்தோனேசியப் படையினர் ஆயுதபாணிகளாய் ஜொகூர்க் கரையில் வந்திறங்கினர் என்ற சரித்திரம் நம்புதற்கரியதாகவே தோன்றும். இந்தோனேசிய அதிபர் சுகார்னோ மலேசியாவுக்கு எதிராகத் தொடங்கிய அந்தக் 'கொன்ஃப்ரொன்தாசி' 1966 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஒப்பந்தத்தால் அடங்கி, ஓராண்டு நிறைவதற்குள், 1967 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, நேற்றைய பகைவர்கள் உட்பட ஐந்து தேசத்தார் பாங்காக்கில் கூடி ஆசியான் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினர். துங்கு அப்துல் ரஹ்மான் முயன்று 1961-இல் உருவான 'ஆசா'வும், 1963-இல் தோன்றிய 'மாஃபிலிண்டோ'வுமாகிய முந்தைய பிராந்தியக் கூட்டமைப்புகள் நிலைக்காமற்போனதைப் பார்த்திருந்தவர்கள் இதற்கும் நீண்ட ஆயுளை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று கையொப்பமிட்ட ஐவருள் சிங்கப்பூரின் அயல்நாட்டு அமைச்சரான எஸ். ராஜரத்தினம், 1915-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்திலும் பயின்றவர் என்பது, ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் வேரூன்றிய யாழ்ப்பாணக் குடும்பங்களுக்குப் பெருமை தரத்தக்கதுதான். ஆயினும் எனக்குப் பெரிதாகப் படுவது, தேசிய நோக்கோடு பிராந்திய நோக்கையும் இணைத்துச் சிந்திக்க வேண்டியிருக்கும், அதற்காக வேதனை தரும் மாறுதல்களையும் ஏற்க வேண்டியிருக்கும் என்று, கல்யாண வீட்டிலேயே செலவுக் கணக்கை எடுத்து வைப்பவரைப் போல அவர் அந்தச் சபையில் சொல்லி வைத்ததே.

அந்தக் கணக்கைச் சீன விஷயத்தில் பார்க்கலாம். தென்கிழக்காசியாவைச் சமாதானமும் சுதந்திரமும் நடுநிலைமையும் நிலவும் மண்டலமாக்க வேண்டும் என்ற பிரகடனம் 1971 நவம்பரில் கோலாலம்பூரில் வெளியாயிற்று. அந்த நடுநிலைமைக் கொள்கையை முன்னிறுத்திய துன் அப்துல் ரசாக், 1974 மே 31-ஆம் தேதி பீகிங்கில் ராஜீய உறவை ஏற்படுத்திக்கொண்டபோது, ஆசியான் தேசங்களுள் மலேசியா முதலாவதாயிற்று. சிங்கப்பூரோ, தன் பிரஜைகளில் பெரும்பான்மையோர் சீனராயிருந்தமையாலேயே, சீனத்தின் கிளை என்ற சந்தேகம் அண்டை நாடுகளில் எழலாகாதென்று அஞ்சி, இந்தோனேசியாவுக்குப் பிறகே உறவு கொள்வதென்று காத்திருந்தது. லீ குவான் யூ 1976-லேயே சீனம் சென்று வந்துவிட்டார், வாணிபமும் நடந்தது, ஆனால் 1990 ஆகஸ்டில் ஜகார்த்தா உறவைப் புதுப்பித்த பின்னரே, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, சிங்கப்பூர் முறைப்படி உறவு பூண்டது. தூதரகம் திறக்கும் காலத்தைக்கூட அண்டை நாட்டாரின் மனநிலை நிர்ணயிக்க அனுமதித்தது கோழைத்தனமன்று, முதிர்ந்த விவேகம் என்பதே என் அபிப்பிராயம்.

எல்லாவற்றையும் அப்படிச் சமாதானம் சொல்லிவிட முடியாது. வியட்நாமியப் படை 1979-இல் நாம்பென் நகரைப் பிடித்தபோது, அந்நியப் படையொன்று எல்லை கடந்து ஆட்சியை மாற்றுவதா என்று ஆசியான் தேசங்கள் ஒரே குரலில் கண்டித்து, ஐக்கிய நாடுகள் சபையில் பெருவாரியான ஆதரவைத் திரட்டின; தனித்தனியே நின்றிருந்தால் அக்குரலுக்குச் செவிசாய்த்திருப்பவர் மிகச் சிலரே. ஆனால் அதே முயற்சியின் பலனாக 1982 ஜூனில் கோலாலம்பூரில் அமைந்த கம்போடியக் கூட்டணி அரசில், தம் மக்களையே கொன்று குவித்த கெமர் ரூஜ் கூட்டத்தாருக்கும் இடம் கிடைத்தது.

அதைவிட உறுத்துவது கிழக்குத் திமோர். 1975 டிசம்பரில் எல்லை கடந்தது இந்தோனேசியப் படை. நியாயம் கம்போடியாவுக்கு உரைக்கப்பட்டதுதான், தீர்ப்பு மட்டும் வேறு. ஐ.நா. வாக்கெடுப்பில் முதலில் எப்பக்கமும் சேராது ஒதுங்கி நின்ற சிங்கப்பூரும், நாளடைவில் ஜகார்த்தாவின் பக்கமே கை தூக்கியது.

அந்தத் திமோர் 2002-இல் சுதந்திரம் பெற்று, 2011-இல் விண்ணப்பித்து, பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2025 அக்டோபர் 26-ஆம் தேதி கோலாலம்பூர் மாநாட்டில் ஆசியானின் பதினோராவது அங்கத்தினராயிற்று. ஏகமனதாகவே முடிவெடுக்கும் அந்த ஸ்தாபனத்தில், ஒரு தீர்மானத்தை ஒப்பாது நிறுத்திவைக்க ஜகார்த்தாவுக்குள்ள அதிகாரம் இப்போது திமோரின் தலைநகரான டிலிக்கும் உண்டு.